பேசினதை எழுதிக்கலை

இல்ல வடிவேலு, நாற்காலியெல்லாம் பக்கத்து வீட்லேருந்து வாங்கிண்டு வராதே, இந்த ஸ்டூலே போறும். மூணு மாடி ஏறினதுல கொஞ்சம் மூச்சு வாங்கறது, அவ்வளவுதான். லிஃப்ட் கிடையாதுன்னு தெரியும், படில விளக்கும் கிடையாதுன்னு நீ ஒரு நாளும் சொல்லலையே. கீழ மீன் கடை போட்டிருக்கற அம்மாதான் வழி காட்டினா. லைப்ரரி வடிவேலு வீடுன்னேன். அவ நீ ஏதோ பெரிய ஆபீசர்னு நெனச்சுண்டிருக்கா. நான் மாத்திச் சொல்லல.

காபியா? குடு முனியம்மா, குடிக்கறேன். சர்க்கரை மட்டும் கம்மியா. என்ன, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறேள்? குடிப்பேன்மா. இருபது வருஷமா ஆபீஸ்ல உன் வீட்டுக்காரர் கையால வாங்கிக் குடிச்சவ, இங்க வந்து மடி பாப்பேனா.

ஆமா, சஸ்பென்ஷன்தான். இன்னும் எடுக்கல. வர்ற முப்பத்தொண்ணாம் தேதியோட ரிடையர்மெண்ட், இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள விசாரணை முடிஞ்சு என் மேல தப்பில்லேன்னு ஆகணும். இல்லேன்னா பென்ஷன் அப்படியே நின்னுடும். எனக்கு அத விட்டா வேற கதி கிடையாதுன்னு உனக்குத் தெரியும். ஆனா நெஜத்தச் சொல்லட்டுமா, பென்ஷன் கூட அப்புறம். மூவாயிரம் புஸ்தகத்த மழைல போட்டு ஊற வச்சவன்னு என் பேர்ல எழுதி வச்சுடுவா பாரு, அதுதான் வயத்த எரியறது. முப்பத்திநாலு வருஷம் வடிவேலு. அதுல பாதிப் புஸ்தகத்துக்கு முதுகுல நம்பர் எழுதினதே நான்.

உனக்குத் தெரியாதது இல்ல, முனியம்மாக்காகச் சொல்றேன். அவளும் தெரிஞ்சுக்கட்டும். கேளுமா. நம்ம லைப்ரரிக்கு அடுத்த அஞ்சு வருஷத்துக்கு என்னென்ன வேணும்னு ஒரு திட்டம் எழுதி டெல்லிக்கு அனுப்பணும். ரெண்டு வருஷமா அத எழுதினது எங்க ஆத்து சாப்பாட்டு மேஜைலதான். நானும் ஸ்ரீரங்கனும். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா மாட வீதிலேருந்து ஸ்கூட்டர்ல வந்துடுவார், அடை சாப்டுண்டே எழுதுவோம். வாசிக்கற ஹால் ராத்திரி எட்டு வரைக்கும் தெறந்திருக்கணும், பகல்ல வேலைக்குப் போற பசங்களும் வந்து படிக்கட்டும்னு நான் எழுதினேன். பொம்மனாட்டிகளுக்குத் தனி டாய்லெட்டுன்னு எழுதினேன், அத மட்டும் நாலு தடவ அடிச்சார், நாலு தடவையும் திரும்ப எழுதினேன். அவருக்கு எப்பவும் ஒண்ணுதான், கம்ப்யூட்டர் ஹால், கம்ப்யூட்டர் ஹால். கடைசில அச்சாகி வந்தப்போ முன் பக்கத்துல அவர் பேர் மட்டும் இருந்தது. அவர் டெபுடி லைப்ரரியன், நான் அசிஸ்டெண்ட். ஆபீஸ்னா அப்படித்தான்னு விட்டுட்டேன். அதுக்கெல்லாம் கோபப்பட்டா முப்பத்திநாலு வருஷம் தள்ள முடியுமா.

அந்தத் திட்டத்தப் பாத்துட்டு ஜூன் மாசம் டெல்லிலேருந்து கமிட்டி வர்றதா லெட்டர் வந்தது. கம்ப்யூட்டர் எங்க வைக்கப் போறேள்னு கேப்பா. ரெண்டாவது மாடி ஹால்தான். அங்க என்ன இருந்தது? பழைய ஆய்வேடு, பைண்டு பண்ணின பத்திரிகைத் தொகுப்பு, எல்லாம். அதத் தூக்கிப் பின்னாடி சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்துல இருக்கற கொட்டகைல வைன்னா. நான் போய்ப் பாத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மூணு எடத்துல ஓட்டை, வானம் தெரியறது. கூரைய மாத்தினப்புறம் புஸ்தகத்த மாத்தலாம்னு நோட் எழுதி ஸ்ரீரங்கனுக்கு ஃபைல அனுப்பினேன். தூக்கிண்டு போனவன் நீதான்.

ஆபீஸ்ல ஒரு முறை உண்டு முனியம்மா. கீழ இருக்கறவா எழுதி அனுப்பினத மேல இருக்கறவர் சரின்னா கையெழுத்துப் போடுவார், வேண்டாம்னா வேண்டாம்னு எழுதுவார். ரெண்டும் எழுத இஷ்டமில்லேன்னா ஓரத்துல பச்சை இங்க்ல பேசவும்னு ஒரு வார்த்தை எழுதித் திருப்பிடுவார். உள்ள வந்து நேர்ல பேசுன்னு அர்த்தம். நாம போய்ப் பேசணும். அவர் வாயால என்ன சொல்றாரோ அத வந்து அதே ஃபைல்ல எழுதணும். பேசினேன், இப்படிச் செய்யச் சொன்னார்னு. எழுதி மறுபடி அவருக்கே அனுப்பி, கீழ ஒரு சின்னக் கையெழுத்து வாங்கிக்கணும். அதுக்கப்புறம்தான் வேலைல கைய வைக்கலாம். இல்லேன்னா நாளைக்கு ஒண்ணு ஆனா, பேசவும்னு எழுதினவர் பத்திரமா இருப்பார், பேசிட்டு வந்தவ மாட்டிப்பா.

ஆறு லைப்ரரியன் கிட்ட வேலை பாத்திருக்கேன். ஒருத்தர்கிட்டயும் நான் இத விட்டதில்ல. புதுசா வேலைக்கு வர்ற பொண்களுக்கு மொத நாளே சொல்றது இதத்தான், சாப்பிடறத மறந்தாலும் பேசினத எழுதிக்க மறக்காதேன்னு. அப்பேர்ப்பட்டவ அன்னிக்கு எழுதிக்கல. மறக்கல வடிவேலு. வேணும்னேதான் எழுதிக்கல. ஸ்ரீரங்கன்கிட்ட போய் எப்படி எழுதிக்கறது? ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். எங்க ஆத்துக்காரர் ராயப்பேட்டை ஆஸ்பத்திரில கெடந்தப்போ பதினோரு நாள் வராந்தால படுத்துண்டவர். நீயும் வந்தே, ரத்தம் குடுத்தே, மறப்பேனா. அந்த மனுஷர்கிட்ட, நீங்க வாயால சொன்னது போறாது, கையெழுத்து போட்டுக் குடுங்கோன்னு ஃபைல நீட்டினா என்ன அர்த்தம்? உங்கள நம்பலன்னு அர்த்தம். கூச்சமா இருந்தது. அந்தக் கூச்சத்துக்குத்தான் இப்போ அனுபவிக்கறேன்.

என்ன சொன்னே? ஞாபகம் இல்லையா?

சரி. நான் ஞாபகப்படுத்தறேன். செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. பேசவும்னு எழுதின ஃபைலோட நான் உள்ள போனேன். நீ ஜன்னல் பக்கமா நின்னுண்டு அவர் ஃப்ளாஸ்க்ல வெந்நீர் ஊத்திண்டிருந்தே. நான் கூரைல ஓட்டை இருக்குன்னேன். அவர் சிரிச்சார். ஜலஜா, ஜூன் மாசத்துல மெட்ராஸ்ல எவனாவது மழைய நெனப்பானா, திங்கக்கிழமை கமிட்டி வர்றது, ஹால் பளிச்சுனு காலியா இருக்கணும், நாளைக்கே தூக்கிடுன்னார். நான் இன்னும் ஒரு வாரம் குடுங்கோன்னேன். அவர் உன் பக்கம் திரும்பினார். வடிவேலு, உங்க பேட்டைலேருந்து ரெண்டு மீன்பாடி வண்டி சொல்லுன்னார். நீ சரிங்க சார்னே. மறுநாள் காலம்பற உன் மச்சான் வண்டியோடயே வந்துட்டே. அந்த வண்டில மீன் நாத்தம் போகலன்னு நான் கத்தினேன், நீ ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திக் கழுவினே. கீழ விரிக்க பழைய நியூஸ்பேப்பர் குடுத்தேன். இதெல்லாம் ஞாபகம் இருக்கா, இல்ல இதுவும் இல்லையா?

வியாழக்கிழமை ஆரம்பிச்சது மழை. அந்த மாதிரி மழை ஜூன்ல நான் பாத்ததே இல்ல, எங்க தெருவுல தண்ணி வாசப்படி ஏறிடுத்து. வெள்ளிக்கிழமை பஸ் கிடையாது, மயிலாப்பூர்லேருந்து அடையாறு வரைக்கும் நடந்தே வந்தேன். நீ எனக்கு முன்னாடி வந்து நிக்கறே. ரெண்டு பேரும் முட்டித் தண்ணில நின்னுண்டு தூக்கினோம். பைண்டு பிரிஞ்சு தாள் தாளா கைல வர்றது. ஒரு பொண்ணு ஆறு வருஷம் ஒக்காந்து எழுதின ஆய்வேடு, வேற காப்பி எங்கயும் இல்ல, என் கைல கூழா வந்தது. நீ அழுதே வடிவேலு. மழைல தெரியாதுன்னு நெனச்சே, எனக்குத் தெரிஞ்சது. கமிட்டியா? அவா எங்க வந்தா. ப்ளேனே வரல. செப்டம்பர்ல பாத்துக்கலாம்னு தந்தி அடிச்சுட்டா.

அப்புறம் பேப்பர்காரா எழுதினா, ஆய்வேடு போன பசங்க வாசல்ல ஒக்காந்தா, விசாரணை வச்சா. அக்டோபர்ல லைப்ரரியன் ரிடையர் ஆறார். அந்த நாற்காலிக்கு ஸ்ரீரங்கன்தான் அடுத்தவர். இந்த நேரத்துல அவர் மேல ஒரு தூசு விழக்கூடாது பாரு.

போன வெள்ளிக்கிழமை மொத விசாரணை. ரிடையர்ட் ஜட்ஜ் ஒருத்தர், பீர் முஹம்மதுன்னு பேர், சாதுவான மனுஷர். அவர் முன்னாடி அந்த ஃபைல் இருக்கு. ஸ்ரீரங்கன் நிதானமா சொன்னார். நான் பேசவும்னு எழுதினேன் சார், திருமதி ஜலஜா வந்து பேசவே இல்ல, தானா முடிவு பண்ணி மாத்திட்டாங்கன்னார். திருமதி ஜலஜாவாம். முப்பத்திநாலு வருஷத்துல அந்த வாயால நான் திருமதின்னு கேட்டதில்ல. எனக்கு அழுகை வரல, கோபமும் வரல. வேற யாரப் பத்தியோ சொல்றார்னு பின்னாடி திரும்பிப் பாத்தேன், அவ்வளவு அசடா இருந்தேன். வெளில வந்தப்புறம்தான் உடம்பெல்லாம் எரிஞ்சது. இப்போ வரைக்கும் எரியறது. எங்க ஆத்து அடையச் சாப்ட மனுஷன்.

ஜட்ஜ் என்னக் கேட்டார், நீங்க பேசினேள்ங்கறதுக்கு ஃபைல்ல எழுத்து இல்லையேம்மா, யாராவது சாட்சி உண்டான்னார். இருக்கார்னேன். அப்போ பேர எழுதுங்கோ, ஒரு பேர்தான் எழுதலாம், எழுதினா மாத்த முடியாதுன்னார். யோசிக்கவே இல்ல. உன் பேர எழுதினேன். வடிவேலு, ரெக்கார்ட் கிளார்க் கூட இல்ல, வெறும் அட்டெண்டர், ஆனா பொய் சொல்ல மாட்டார்னு வாயாலயும் சொன்னேன். கேக்காமலே சொன்னேன்.

முனியம்மா, நீ ஏன் உள்ள போறே? இரு. இன்னும் ரெண்டு வார்த்தைதான்.

அந்த ஜட்ஜ் உன் பேரப் படிச்சார். அப்புறம் ஃபைல்ல ரெண்டு பக்கம் தள்ளி என் பக்கமாத் திருப்பி வச்சார். டைப் அடிச்ச காயிதம். அன்னிக்கு டெபுடி சார் ரூம்ல நான் இல்ல, மேடம்தான் வண்டி கொண்டாரச் சொன்னாங்கன்னு அதுல இருந்தது. கீழ உன் கையெழுத்து. அட்டெண்டன்ஸ்ல தெனமும் பாத்த கையெழுத்து வடிவேலு, அந்தக் கொம்பு வளைக்கறது எனக்குத் தெரியாதா. தேதியப் பாத்தேன். பத்து நாள் முன்னாடி. அதே வாரத்துல உன் பொண்ணு தமிழ்மொழிக்கு வேலை போட்ட ஆர்டரும் வந்திருக்கு, கம்ப்யூட்டர் ஹால்ல, தினக்கூலிக்கு. மே மாசத்துலேருந்து ஸ்ரீரங்கன் மேஜைல கெடந்த அப்ளிகேஷன். நான்தானே பூர்த்தி பண்ணிக் குடுத்தேன்.

இல்ல, எழுந்திருக்காதே. கால்ல கீல்ல விழாதே, எனக்குப் பிடிக்காது. அந்தக் காயிதத்த வாபஸ் வாங்குன்னு கேக்க நான் வரல. கேட்டா அந்தப் பொண்ணு வேலை போகும், அது எனக்குத் தெரியும். அவ நன்னா இருக்கட்டும். ஆனா பரவால்லன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். ஸ்ரீரங்கன் பண்ணினது ஒரு மாதிரி, நீ பண்ணினது வேற மாதிரி. அவர் என்ன ஏமாத்தினப்போ நீ இருக்கேன்னு ஒரு நெனப்பு இருந்தது. நீ ஏமாத்தினப்போ ஒண்ணும் இல்ல.

ஜட்ஜ் நல்ல மனுஷர்னு சொன்னேனே. பேர எழுதினா மாத்த முடியாது, ஆனா இன்னும் கையெழுத்துப் போடலையே, அடிச்சுட்டு வேற பேர் எழுதிக்கோங்கோம்மா, நான் பாக்காத மாதிரி இருந்துடறேன்னார். பேனாவக் கைல எடுத்தேன். எழுதறதுக்கு எனக்கு வேற பேர் இல்ல. அப்படியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

அதனால புதன்கிழமை பத்தரை மணிக்கு உன்னக் கூப்பிடுவா, என் பக்கத்துச் சாட்சியா. காயிதம் நாளைக்கு வரும். திடீர்னு பாத்து நீ பயந்துடக் கூடாதுன்னுதான் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நீ எதச் சொன்னாலும் ஜட்ஜப் பாத்துச் சொல்லு, ஜன்னலப் பாத்துச் சொல்லு, உன் இஷ்டம். நான் உன்னத்தான் பாத்துண்டிருப்பேன்.