சுவர் முடியும் இடம்

இரவு பதினொன்றே கால். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாலின் நகரத்துப் பழைய மதிலை ஒட்டிப் போகும் ஒரு சந்து. ஆள் நடமாட்டம் இல்லை. ஜூன் மாதக் கடைசி என்பதால் இருட்டும் முழுசாக இறங்கவில்லை. சாம்பலைக் கரைத்து ஊற்றியது போல ஒரு வெளிச்சம். அதில் யாருக்கும் நிழல் விழாது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நிழலை வைத்துச் சொல்ல முடியாத வெளிச்சம் அது.

நம் ரித்வாவின் அண்ணி மெர்யாவுக்கு நடந்தது இது. ரித்வா இன்னும் ஏரியில்தான் நீந்திக்கொண்டிருக்கிறாள். அவள் கரையேறுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். இருந்தால் சொல்ல விடமாட்டாள். அந்த விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

மெர்யாவும் அவள் புருஷன் பெர்த்தியும் மூன்று நாள் லீவில் ஹெல்சிங்கியிலிருந்து கப்பலேறிப் போயிருந்தார்கள். முதல் நாள் இரவுச் சாப்பாடு முடிந்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெர்த்தி பீர் குடித்த சந்தோஷத்தில் முன்னால் நடந்தான். மெர்யாவுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்... ஒரு நிறுத்தம். மறுபடி, சர்ர்ர்...

சுண்ணாம்புக்கல் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே யாரோ நடப்பது போல. நடுநடுவே, வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு கல்லில் இழுபடும் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. சந்தின் மறுமுனைவரை வெறும் கல்.

"யாரோ தார் மிட்டாய் திங்கறாங்க" என்றான் பெர்த்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நம்மூர்க்காரன் எவனோ வந்திருக்கான். எங்க போனாலும் நிம்மதியா இருக்க விடமாட்டாங்க."

மெர்யாவுக்கும் அந்த வாசனை வந்தது. மரத்தார் கலந்து செய்யும் நம்மூர் மிட்டாய், புகை பிடித்த மரம் போல, இருமல் மருந்து போல. அவளுக்குத் தெரிந்து அந்த மிட்டாயைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தவள் ஒருத்திதான். அவள் நவம்பரில் செத்துப்போனாள்.

சல்மே பெரியம்மா. மெர்யாவின் அம்மாவுக்கு அக்கா. அந்த நகரத்தில், அதே சந்தில் பிறந்தவள். போரின் கடைசி வருஷத்தில், ஏழு வயதில், மீன்பிடிப் படகில் இந்தப் பக்கம் தப்பி வந்தவள். அதற்கப்புறம் மூடியிருந்த எல்லை திறந்து எத்தனையோ வருஷம் ஆகியும் போகவே இல்லை. "அங்க யாரு இருக்கா எனக்கு?" என்பாள். போன வருஷம், எண்பது தாண்டிய பிறகு, திடீரென்று ஆசை வந்தது. "ஒரே ஒரு தடவை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இடது கையைச் சுவத்துல வச்சுக்கிட்டே வருவேன். சுவர் ஒரு இடத்துல முடிஞ்சிடும். அங்க கடல் காத்து அடிக்கும், பயமா இருக்கும், ஓடிடுவேன். தாண்டினா பச்சைக் கதவு. அந்தக் கதவை மட்டும் தொட்டுட்டு வந்துடறேன்."

பெர்த்தி உடனே சரி என்றான். "நான் தள்ளிட்டு வரேன் பெரியம்மா. கல்லு ரோட்டுல உங்க வண்டி மாட்டிக்கிச்சுன்னா உங்களையும் சேர்த்துத் தூக்கிக்கிறேன்." வண்டி என்றால் அவள் பிடித்து நடக்கும் சக்கர வாக்கர். அது இல்லாமல் பெரியம்மாவால் சமையலறைவரைகூடப் போக முடியாது.

வேண்டாம் என்று நினைத்தவள் மெர்யா. அந்த வருஷம் அவளும் பெர்த்தியும் ஒழுங்காகப் பேசிக்கொண்டதே குறைவு. மூன்று நாள், இரண்டே பேராக இருக்க ஆசைப்பட்டாள். அது தப்பில்லை. அதைச் சொல்லத்தான் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே வாக்கரின் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டிருந்தது. கதவோரம் புதுச் செருப்பு. மெர்யாவின் வாயில் உண்மை வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"பெரியம்மா... கப்பல்ல இப்ப வாக்கரை ஏத்தறதில்லையாம். புதுச் சட்டம்."

பெரியம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஆளில்லாத தெருவில், கொட்டும் பனியில், பச்சை விளக்கு விழும்வரை காத்து நிற்கும் ஜாதி அவள். நாம் எல்லாருமே அப்படித்தானே.

"சட்டம்னா சட்டம்தான்" என்றாள். "அப்ப அடுத்த வருஷத்துக்குள்ள வண்டி இல்லாம நடக்கப் பழகிக்கிறேன்."

மெர்யா சிரித்தாள். வீட்டுக்கு வந்து பெர்த்தியிடம், "பெரியம்மாவுக்குப் பயமாம், வரலையாம்" என்றாள். அவர்களும் அந்த வருஷம் போகவில்லை. கிளம்புகிற வாரம் பெர்த்திக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

நவம்பரில் பெரியம்மாவை வீட்டுக்கு வெளியே, மாடி நடைபாதையில் கண்டெடுத்தார்கள். விழுந்து, தலையில் அடிபட்டு. வாக்கர் வீட்டுக்குள் இருந்தது. பிரேக் போட்டு, ஒழுங்காக, சுவரோரம். வண்டியை விட்டுவிட்டு எதற்காக அவ்வளவு தூரம் வெளியே போனாள் என்று யாருக்கும் புரியவில்லை.

மெர்யாவுக்குப் புரிந்தது. அவள் வாய் திறக்கவில்லை.

இந்த வருஷம் பெர்த்தியே கப்பலில் இடம் போட்டான். அந்தச் சந்திலேயே அறையும் எடுத்தான். "பெரியம்மாவுக்காகத்தான். நம்மளாவது அந்தக் கதவைத் தொட்டுட்டு வருவோம்." கப்பலில் ஒரு கிழவி வாக்கரோடு ஏறி, அதன்மேலேயே உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். பெர்த்தி முழங்கையால் இடித்தான். "பாரு... உங்க பெரியம்மா வீணா பயந்துட்டாங்க."

மெர்யா கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு மணி நேரமும்.

இப்போது அந்தச் சந்து. முதல் நாள் இரவு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் இரவு மறுபடி... சர்ர்ர்... நிறுத்தம்... செருப்பு.

இந்த முறை அவள் சுவரைப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில், முதுகு கூனிய ஒருத்தியின் கை படும் உயரத்தில், சுவர் நெடுக ஈரக் கோடு. அவர்கள் வந்த வழியெல்லாம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். லேசாக உப்பு. நம் கடலில் உப்பு குறைவு. அந்த ருசி நமக்கெல்லாம் தெரியும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தத்தில் சக்கரம் இல்லை.

வாக்கருக்கு அனுமதி இல்லையென்று மெர்யா சொல்லியிருந்தாள் அல்லவா. அதனால் பெரியம்மா அதைக் கொண்டு வரவில்லை. கப்பலிலும் ஏறவில்லை. அன்று தப்பி வந்த வழியிலேயே திரும்பி வந்திருக்கிறாள்... தண்ணீர் வழியாக.

"என்ன சுவத்தை நக்கிட்டிருக்க?" என்றான் பெர்த்தி. "சாப்பாடு பத்தலையா?"

"ஒண்ணுமில்ல."

ஒரு வார்த்தை போதும் என்று மெர்யாவுக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒரு சட்டமே இல்லை, நான்தான் பொய் சொன்னேன்... இவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் பெர்த்தி நின்றான். தள்ளிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னவன். அவன் காதிலும் அது விழும்.

மூன்றாம் இரவுதான் கடைசி. காலையில் கப்பல். பெர்த்தி பச்சைக் கதவைத் தொட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மெர்யா பின்தங்கினாள். சத்தம் அவளுக்குச் சமீபத்தில், ஒரு கை நீளத்தில் வந்தது. சர்ர்ர்... சர்ர்ர்...

நின்றது.

சுவர் அங்கே முடிந்திருந்தது.

பெரியம்மா சொன்னது போலவேதான். மதில் இடிந்து, ஒரு பஸ் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். கடல் காற்று உள்ளே வந்தது. அதைத் தாண்டினால் பச்சைக் கதவு. ஆனால் கை வைக்க எதுவுமில்லை. ஏழு வயதில் ஓடிக் கடந்த இடம். இப்போது எப்படி ஓடுவாள்?

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நனைந்த கம்பளியின் வாசனை. தார் மிட்டாய் வாசனை.

மெர்யா திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

பிடித்துக்கொண்டது.

குளிர்ந்து, நனைந்து, தோல் தொளதொளவென்று. சின்ன வயதில் சாலை கடக்கும்போது பிடித்த அதே பிடி, கட்டைவிரலை மட்டும் தனியாக அழுத்தும் பிடி. மெர்யா ஒரு அடி வைத்தாள். செருப்பு இழுபட்டது. இன்னொரு அடி. காற்று பலமாக அடித்தது. பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

பெர்த்தி திரும்பினான். அலைபேசியின் வெளிச்சத்தை அவள்மேல் அடித்தான். "ஏய், யாரு கையையோ பிடிச்சுட்டு வர மாதிரி வர? என்ன அங்க?"

மெர்யா கையை உதறிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. எடை குறைந்த உடம்பு ஒன்று, பிடிக்க எதுவும் கிடைக்காமல், கல் தரையில் விழும் சத்தம். அவள் நேராக நடந்து, பச்சைக் கதவைத் தாண்டி, பெர்த்தியோடு படியேறி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு முழுக்க ஜன்னலுக்குக் கீழே எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லையாம். ரித்வாவிடம் மட்டும் ஒருமுறை, சவுனாவில், நீராவிக் குளியல் அறையின் இருட்டில், முகம் தெரியாதபோது சொன்னாள். ரித்வா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெர்த்திக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம் மெர்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள். ஐம்பத்து நாலு வயது, காலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நடக்கும்போது இடது கையைச் சுவரில் வைத்துக்கொள்கிறாள். வீட்டில், ஆபீசில், எங்கேயும். சுவர் முடியும் இடம் வந்தால் நின்றுவிடுகிறாள். யாராவது வந்து கை கொடுக்கும்வரை.

அதோ, ரித்வா கரையேறிவிட்டாள். பேச்சை மாற்றுங்கள்.

போன வாரம் மெர்யா இந்தக் குடிலில் இரண்டு நாள் தங்கியிருந்தாள். நீங்கள் சாய்ந்திருக்கிறீர்களே, அந்தப் பலகைச் சுவர்... இடுப்பு உயரத்தில் தொட்டுப் பாருங்கள்.

இன்னும் காயவில்லை.