சூட்டுக் கொப்புளம்

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும் ஐயா. துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த பழந்துணியில்தான் முதலில் கிடத்துவார்கள். ஜவுளிக்கடைக்காரர் வீடானாலும் அதே வழக்கம்தான். கடை நிறையப் புதுசு அடுக்கியிருந்தும், வெங்கடரமணன் முதலாளி வீட்டம்மா மனோரமா பேத்தி பிறந்த அன்று பழசு தேடி ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டுகிறவன் நான். பெயர் இளையபெருமாள். செஞ்சி பஜார் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் தர்ம ஆஸ்பத்திரி அது. வண்டி எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் வெங்கடரமணன் உத்தரவு. ஸ்ட்ரெச்சர் தூக்க என்னோடு விநாயகம். காலரா வந்தவன் எங்கள் மடியில் கக்குவான், காசநோய்க்காரன் எங்கள் முகத்தில் இருமுவான். கைக்கு உறை கேட்டோம், சோப்பாவது கொடுங்கள் என்றோம். நோயாளியைத் தொட அவ்வளவு அருவருப்பா என்று முதலாளி எங்களையே கேட்டார். எங்களுக்குக் காபி கொடுத்த தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கிற மனுஷர் அவர்.

அறுபத்து நான்காம் வருஷம் மாசி. அமாவாசைக்கு நடக்கிற மேல்மலையனூர் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு ஜனம் கூடுகிற சமயம், ஜவுளி விற்கிற சமயமும் அதுதான். கடை ஆள் சம்பந்தம் கிடங்கில் கிடந்தான், உடம்பெல்லாம் கொப்புளம். வெறும் சூட்டுக் கொப்புளம், அனந்தபுரத்தில் அவன் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று முதலாளி சொன்னார். மூடிக்கொண்டு போக ஒரு பழைய பருத்திப் போர்வையும் கொடுத்தார். விநாயகம் வெறுங்கையால்தான் வாரித் தூக்கினான். கொப்புளம் உடைந்து அவன் தோளில் வழிந்தது.

அனந்தபுரத்தில் சம்பந்தத்தின் தாயார் மகனைப் பார்த்து அழவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு வேப்பிலை ஒடிக்கப் போனாள். அது பெரியம்மை என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

எனக்குச் சின்ன வயதிலேயே வார்த்துவிட்டது, என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வராது. விநாயகத்துக்கு அம்மை குத்தினதே இல்லை. திரும்பி வந்ததும் முதலாளியிடம் போய், உடனே குத்தினால் தப்பிப்பான், ஆளை வரவழையுங்கள் என்று கெஞ்சினேன்.

"அம்மை குத்துறவன் இங்க வந்தா பஜாரே காலியாயிடும்டா. சூட்டுக் கொப்புளம்னு சொன்னேன் இல்ல? அமாவாசை கழியட்டும்" என்றார்.

அமாவாசை கழிந்தது. அந்த வருஷம் வியாபாரம் நன்றாக நடந்ததாகக் கேள்வி. விநாயகத்துக்கும் அம்மை கண்டது; அவனைக் கோட்டை மலையடியில் ஒரு குடிசையில் போட்டோம். அவன் பெண்சாதி மங்கையை உள்ளே விடாமல் நானே பார்த்துக்கொண்டேன். வண்டியில் கிடந்த அந்தப் போர்வையைத்தான் அவனுக்குப் போர்த்தினேன். கடைசியில் அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"சூடுதானேண்ணே? தணிஞ்சிடும் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

தணிந்துவிடும் என்றேன். அவன் செத்தபோதும் முதலாளி எட்டியும் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது ஐயா, இன்னும் எரிகிறது.

அவன் துணிமணிகளையெல்லாம் கொளுத்தினேன். போர்வையைக் கொளுத்தவில்லை. கறைபட்ட ஓரத்தை மட்டும் கத்தரித்துவிட்டு, துவைக்காமல், உதறாமல், வெயில் காட்டாமல் மடித்து வைத்தேன். முதலாளியின் மகள் சாரதா தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பது ஊருக்கே தெரியும்.

பழந்துணி கேட்டு ஆள் வந்ததும் நானே நடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உங்க வூட்டுதுதாம்மா. வெளுத்து வாங்கியாந்தேன். மெத்துனு இருக்குது."

அம்மா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். புண்ணியமாய்ப் போகும் என்று சொல்லி வெற்றிலையும் பழமும் கொடுத்தார்கள். குழந்தையை அதிலேயே சுற்றி எடுத்து வந்து எனக்குக் காட்டவும் செய்தார்கள். நல்ல முகம், கைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் முன்பே அம்மை குத்திக்கொண்டவர்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். குழந்தைக்குத்தான் இன்னும் குத்தவில்லை. மற்றபடி யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் அல்ல நான்.

குழந்தைக்கு அம்மை கண்டதும் முதலாளி செருப்பில்லாமல் என்னிடம் ஓடி வந்தார். வண்டியை எடு என்றார், காலைக்கூடப் பிடித்தார்.

"சூட்டுக் கொப்புளமா இருக்கும் மொதலாளி" என்றேன்.

அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் வண்டியை எடுத்தேன், நன்றாகத்தான் ஓட்டினேன். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி போவதற்குள் குழந்தை சாரதா மடியிலேயே அடங்கிவிட்டது. கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

விநாயகத்தை நீயே அன்றைக்கு விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் அம்மை குத்தியிருக்கலாமே, வண்டிச் சாவி உன் சட்டைப்பையில்தானே இருந்தது என்று கேட்கிறீர்கள். அதெப்படி ஐயா? முதலாளி உத்தரவில்லாமல் நான் ஒரு காரியமும் செய்ததே கிடையாது.