குழாயைக் கழற்றிய கோடை

கொன்றை மரத்துக்கு அதிகம் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஐயா. உங்கள் காவல் நிலைய வாசலில் நிற்பதும் கொன்றைதான். அதன் அடியில் குழாயைத் திறந்து விட்டிருக்கிறீர்கள். அது பூக்காது.

எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தது அண்ணி. காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர், மாட்டெரு, கொஞ்சல். மரம் கொழுத்து இலையாகத் தள்ளியது. பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. போன கோடையில், அவள் குடம் பிடிக்கும் குழாயை நான் கழற்றி வைத்தேன். இலையெல்லாம் உதிர்ந்தது. அண்ணி கண்ணைக் கசக்கினாள். பிறகு கிளைக்குக் கிளை மஞ்சள் சரம். "எல்லாம் என் கைராசி" என்றாள். அவளுக்கு மூளை அவ்வளவுதான்.

அண்ணனையும் அவள் அப்படித்தான் வளர்த்தாள். மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், எலும்பு கூடிய பிறகும் கட்டிலை விடவில்லை. கூப்பிட்டால் சோறு, கண்ணசைத்தால் தண்ணீர். மனது வைத்தால் நடந்துவிடுவார் என்று மருத்துவரே சொன்னார். மனது எங்கிருந்து வரும்?

இந்தக் கோடையில் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது அண்ணி, "தம்பி, அவருக்கு வேளாவேளைக்கு எல்லாம் குடுத்துடுங்க. வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படுவாரு" என்றாள். கூச்சமாம்.

அவள் போனதும் சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, கட்டிலுக்கு எதிரே ஜன்னல் திட்டில் வைத்தேன்.

"எந்திரிச்சு வந்து குடிங்கண்ணே."

"டேய், என்னையும் மரம்னு நெனச்சிட்டியா? நான் பூத்தா யார்ரா பறிக்கிறது?" என்று சிரித்தார்.

மறுநாள் சிரிக்கவில்லை. "நாக்கு ஒட்டுதுடா தம்பி. ஒரு மடக்கு குடுடா." கெஞ்சத் தெம்பிருந்தவருக்கு எழுந்திருக்கத் தெம்பில்லையாம். கதவைச் சாத்தினேன். அண்ணி போன் செய்தபோது தூங்குகிறார் என்றேன். பிறகு அவர் கூப்பிடுவதும் நின்றது. கொன்றையும் இலை உதிர்த்தபின் கொஞ்ச காலம் செத்ததுபோலத்தான் நிற்கும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவன்தான் காரியத்தைக் கெடுப்பான்.

மரம் பூத்த அன்று காலை கதவைத் திறந்தேன். ஆமாம், தண்ணீர் கொடுக்காமல் அவரைச் சாகடித்தது நான்தான். வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். சொம்பு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால் அண்ணன் கட்டிலில் இல்லை. அறையில் பாதி தூரம் வந்திருந்தார். குப்புறக் கிடந்தார், ஒரு கை ஜன்னல் பக்கம் நீண்டிருந்தது.

அவரால் முடியும் என்று நான் சொன்னேனா இல்லையா? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.