சுத்தியல் பிடித்த கை

— அன்னைக்குக் காலையில என் புள்ள ரொட்டியை ஆலிவ் எண்ணெயில தொட்டுத் தின்னான். பாதியை வச்சுட்டு, மீதி சாயங்காலம்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். அவ்வளவுதான் திஜானி அண்ணே. காபெஸ் ரோட்டுல பஸ் கவுந்துடுச்சுன்னு மத்தியானம் வந்து சொன்னாங்க.

— தெரியும் மப்ரூக்கா. அடக்கத்துக்கு நானும் வந்திருந்தேன். உக்காரு தங்கச்சி, டீ சொல்றேன்.

— டீ வேணாம். ஷாத்லியை நீங்க எடுத்த படத்தைத் திருப்பிக் குடுக்க வந்தேன்.

— திருப்பியா? இந்த ஸ்பாக்ஸ் ஊர்ல தொழில் கத்துக்கிட்ட பசங்க எல்லாம் என் ஸ்டுடியோவுலதான் வந்து நின்னிருக்காங்க. கசாப்புக்கடைப் பையன் ஒருத்தன், கத்தி பிடிக்க மாட்டேன், ரோஜாப்பூதான் பிடிப்பேன்னு அழுதான். அவன்கூடப் படத்தைத் திருப்பித் தரல.

— சிரிக்க வைக்காதீங்க. வயித்தெரிச்சலோட வந்திருக்கேன்.

— சரி, சொல்லு. மங்கலா இருக்கா?

— தெளிவா இருக்கு. அதான் கஷ்டமே. மூக்கு அவன் மூக்கு, காது அவன் காது. சேத்துப் பாத்தா வேற யாரோ. அவனுக்குத் தொழில் கத்துக்குடுத்த உஸ்தா ஹம்தா பட்டறைச் சுவத்துலேர்ந்து கழட்டி எடுத்துட்டு வந்தாரு. அன்னையிலேர்ந்து தெனம் பாக்குறேன். மண்ணு காயறதுக்குள்ள பெத்தவளுக்கே முகம் மறந்துபோச்சான்னு பயமா இருக்கு அண்ணே. வீட்டுல வேற படம் கிடையாது.

— ஹம்தா ஒண்ணும் சொல்லலையா?

— உள்ள கூப்பிட்டாத்தானே சொல்லுவாரு. வாசல்லயே வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திட்டேன்.

— அந்த மனுஷன் மேல என்ன கோவம்?

— படத்துல சுத்தியல் எந்தக் கையில இருக்கு, பாருங்க.

— வலது கையில.

— என் புள்ள இடக்கைக்காரன். சின்ன வயசுல மாமியார் அந்தக் கையைத் துணியால கட்டி வச்சாங்க. சண்டை போட்டு நான்தான் அவுத்துவிட்டேன். சாப்பிட வலது, மத்ததுக்கு அவன் இஷ்டம்னேன். செம்புப் பட்டறையில சேக்கறப்போ ஹம்தாகிட்டயும் அதையே சொன்னேன். தலையை ஆட்டினாரு. ஆட்டிட்டு, அடிச்சு மாத்தியிருக்காரு. பையன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— எந்திரி. பசங்க தலை சீவுற கண்ணாடி அங்க இருக்கு. படத்தை அதுக்கு எதுர பிடி. படத்தைப் பாக்காத. கண்ணாடிக்குள்ள பாரு.

— எதுக்கு?

— பாரேன்.

— யா அல்லா.

— தெரியுறானா?

— ஷாத்லி. இந்த ஓரத்துச் சிரிப்பு... இந்தப் பக்கந்தான் ஏறும். அவனேதான். எனக்கு மறக்கல அண்ணே. மறக்கவே இல்ல.

— உனக்கு எப்படி மறக்கும்? பிலிமைக் குப்புறப் போட்டு, இடதை வலதா மாத்தி பிரிண்ட் எடுத்தவன் நான்.

— ஏன் அப்படிச் செஞ்சீங்க?

— பட்டறைச் சுவத்துல மாட்டுற படம். இடக்கையால தட்டின பானையில பரக்கத் இருக்காது, வீடு விளங்காதுன்னு வாங்க வர்ற கிழவனுங்க சொல்லுவாங்க, பையன் பொழப்புக் கெடும்னு ஹம்தா பயந்தாரு. கையை மாத்திப் பிடிடான்னு நான் சொல்லிப் பாத்தேன். உன் புள்ள அசையல. என் கை இதுதான், வேணும்னா உங்க கேமராப் பொட்டியைத் திருப்பிக்கோங்கன்னான்.

— திமிரு. அப்படியே அவன் திமிரு.

— பொட்டியை எங்க திருப்ப? பிலிமைத் திருப்பினேன். பிலிம் பத்திரமா இருக்கு தங்கச்சி. இன்னைக்கே நேரா பிரிண்ட் போட்டுத் தரேன், இருந்து வாங்கிட்டுப் போ.

— இப்ப டீ சொல்லுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் எறங்கல.

— சொல்றேன். சக்கரை தூக்கலாவா?

— ம். அண்ணே, அப்போ ஹம்தா அவனை அடிக்கலையா?

— அடிக்கறதா? தகடு வெட்டுற கத்தரி எல்லாம் வலக்கைக்காரனுக்குச் செஞ்சது. இடக்கையில பிடிச்சா வெட்டுற கோடு கண்ணுக்குத் தெரியாது. ஹம்தா கடையைச் சாத்திட்டு உக்காந்து, அலகை மாத்திப் போட்டு, உன் புள்ளைக்குன்னே ஒரு கத்தரி செஞ்சாரு. இப்பவும் பட்டறையில அவன் ஆணியிலதான் தொங்குது. வேற யார் கைக்கும் அது வெட்டாது.