வால் நீண்ட பறவை

மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. பெரம்பலூரில் பதினேழு வருடம் போஸ்டர் ஒட்டியவன் சொல்கிறேன், ஐயா. கடை ஷட்டரில் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டுப் போவேன். காலையில் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார், கிழிந்துவிடும். அதிலிருந்து கதவு என்றாலே எனக்கு ஆகாது.

ஆண்டிமடம் முந்திரி வியாபாரி பரணிதரன் தன் வீட்டுக் கூடத்துக்குச் சீனத்துச் சுவர்க் காகிதம் வாங்கியிருந்தார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஐரோப்பியப் பிரபுக்கள் இதைக் கப்பலில் வரவழைத்தார்களாம். எல்லாம் கையால் வரைந்தது, ஒரு பறவை போல இன்னொன்று இருக்காது. படம் அறுபடக் கூடாதென்று சில மாளிகைகளில் கதவின் மேலேயே ஒட்டினார்களாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கதவுகளை எப்படித் திறந்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலையை என்னிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பதி போனார். மாமனார் இளையபெருமாள் மட்டும் வீட்டில் இருந்தார். இடுப்பு ஆபரேஷன் ஆனவர். மதியம் சாப்பிட்டுவிட்டு, சன்னல் இல்லாத நடு அறையில் படுத்தார். காகிதத்தில் இருந்த வால் நீண்ட பறவை சரியாக அந்த அறைக் கதவின் மேல்தான் வந்தது. வாசலைப் பிளைவுட்டால் மூடி, பதினாறு ஸ்க்ரூ முடுக்கி, அதன் மேல் ஒட்டினேன்.

சாயங்காலம் உள்ளிருந்து தட்டினார். "தம்பி, தண்ணி வேணும்ப்பா. கதவத் தொற."

"பசை இன்னும் காயலைங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் மெதுவாகக் கேட்டார். "காஞ்சிருச்சாப்பா?"

"ஓரம் மட்டும் ஈரமா இருக்குங்க."

அவருடைய போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. மகள் அனுசுயா கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன். "அப்பா தூங்குறாருங்கம்மா" என்றேன். மூன்றாம் நாள் அவர் எதுவும் கேட்கவில்லை. வேலையின் அருமை தெரிந்த மனிதர் என்று சந்தோஷப்பட்டேன்.

அன்று மதியமே பரணிதரன் வந்துவிட்டார். "மாமா எங்கய்யா?" என்றார். சுவரைக் காட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எட்டி ஒரே உதை. பெரியவர் கதவுக்கு அந்தப் பக்கம், தட்டின கையோடு இறந்து கிடந்தார்.

அடைத்தது நான்தான், ஐயா. தண்ணீர் கொடுக்காததும் நான்தான். எதையும் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பறவை கழுத்தோடு இரண்டாகக் கிழிந்துவிட்டது. அந்தக் கொலைக்குப் பரணிதரன் மேல் எப்போது கேஸ் போடுவீர்கள்?