சொர்ணாம்பாள் குழியில் இருந்த சித்தர்

விருத்தாசலத்து மண், சாடி கோப்பை செய்வதற்கு அருமையான மண். குழி வெட்டுவதற்குத்தான் ஆகாது. வெயில் நாளில் கடப்பாரை இறங்காது. மழை நாளில் கரை நிற்காது. இன்ஸ்பெக்டர் ஐயா வெளியூர்க்காரர், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மாசிலாமணி. எங்கள் சபைக்கு நான் கோயில்பிள்ளை. கோயிலைப் பெருக்குவது, மணி அடிப்பது, யாராவது இறந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது எல்லாம் என் வேலை. வெள்ளைக்காரப் பாதிரி ஓடு வேய்ந்து கட்டிய சின்னக் கோயில் அது. அவர் கப்பலேறிப் போன பிறகு எத்தனையோ ஐயர்மார் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம். மணிக்கயிற்றைப் பிடித்தபடியே ஞாயிற்றுக்கிழமை யார் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். அதில் ஒரு ஆள் குறைந்தாலும் எனக்குப் பொறுக்காது.

மனைவி காலமான பிறகு வீட்டில் நானும் என் மகன் ராஜாங்கமும்தான். அவன் பீங்கான் சூளையில் வேலை பார்த்தான். திட்டக்குடிப் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை விரும்பினான். பெயர் அம்புஜவல்லி. எங்கள் சபையில் வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் படித்துக் காட்டிய சொர்ணாம்பாள் அம்மாள்தான் அவளை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தினார். ஞானஸ்நானம் வாங்கிய அன்றே பிறந்த வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தப்பட்டுவிட்டது. கல்யாணம் எங்கள் கோயிலிலேயே நடந்தது. அதன்பிறகு அவளுக்குப் போக்கிடம் என்று இருந்தது என் வீடும் எங்கள் கோயிலும்தான். தங்கமான பெண். எனக்கு வெந்நீர் வைத்துத் தருவாள், கோயில் விளக்குகளைத் துடைப்பாள். பாட்டுப் பாடும்போது அத்தனை பேர் நடுவிலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். அவள் வந்தபிறகுதான் என் வீட்டில் உயிர் இருந்தது. இதை ஒளிப்பானேன்?

அறுபத்து மூன்றாம் வருடம், ஐப்பசி அடைமழையில் சொர்ணாம்பாள் அம்மாள் இறந்துபோனார். மறுநாள் காலை அடக்கம். அன்று மாலை நான் குழி வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அம்புஜம் வாசலில் நின்றாள்.

“அவரு எங்க மாமா? உங்களுக்கு ஒத்தாசையா வந்தாரே.”

“பம்பாய்ல வேல கெடச்சிருக்குதாம்மா. முன்னாடி போய் வூடு பாத்துட்டு உன்னக் கூப்பிட்டுக்கறானாம். ஸ்டேஷன்ல நிக்கறான், பெட்டியக் குடு.”

“எங்கிட்ட சொல்லிக்காமயா?”

“ரயிலுக்கு நேரமாச்சும்மா.”

பெட்டியை முதலில் வந்த திருச்சி பாசஞ்சரில் நானே ஏற்றிவிட்டு வந்தேன். பெட்டி போனது பொய் இல்லை.

மறுநாள் அடக்கத்தின்போது அப்போதிருந்த ஐயர் குழியை எட்டிப் பார்த்து, “ஆழம் கொறச்சலா இருக்குதே, மாசிலாமணி” என்றார். “அடில தண்ணி ஊறுது ஐயரே” என்றேன். சபையார் கூடிநின்று பாடினார்கள். அம்புஜமும் பாடினாள். எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ராஜாங்கத்துக்காக ஜெபம் செய்யச் சொன்னேன். எங்கள் சபையில் வெளியூர் போனவர்களைப் பேர் சொல்லி ஜெபிக்கிற வழக்கம் உண்டு. “தூர தேசத்தில் இருக்கும் எங்கள் சகோதரன் ராஜாங்கத்தை நினைத்தருளும்” என்று ஐயர் சொல்ல, சபை ஆமென் சொல்லும். ஒவ்வொரு புது ஐயரிடமும் நானே போய் அந்தப் பேரைச் சொல்லிவைப்பேன். வாரம் தவறியதில்லை.

சில வருடம் போனதும், சூளையில் மெருகு பூசுகிற ஞானமுத்து அம்புஜத்தைக் கட்டிக்கொள்ள முன்வந்தான். மனைவியை இழந்தவன், ஒழுக்கமானவன், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராஜாங்கம் எங்கேயோ செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்று சபைப் பெரியவர்களே முடிவுகட்டி அவளைச் சம்மதிக்கவைத்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பதுதான் ஓலை. இரண்டு ஞாயிறு நான் பேசாமல் இருந்தேன். ஞானமுத்து அவளுக்குக் கல்யாணச் சேலைகூட எடுத்துவிட்டான். மூன்றாம் ஞாயிறு எழுந்து நின்றேன்.

“எம் மவன் உயிரோட இருக்கான், ஐயரே.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இல்லன்னா இத்தன வருஷமா நாம யாருக்காக ஜெபம் பண்ணோம்?”

தன் ஜெபம் பொய் என்று எந்தச் சபை சொல்லும்? அம்புஜமே வாரா வாரம் ஆமென் சொன்னவள்தானே. ஓலை நின்றுபோயிற்று. வெட்கம் தாளாமல் ஞானமுத்து நெய்வேலிக்குப் போய்விட்டான்.

அன்று வீட்டில் அவள் சோறு போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். “மாமா, அவரு நெசமா இருக்காரா?” என்று கேட்டாள்.

“இருக்காம்மா. நம்ம மணிச் சத்தம் கேக்கற தூரத்துலதான் இருக்கான்னு வச்சுக்கயேன்.”

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. பாடுவதும் நின்றுவிட்டது. எனக்கு அது பெரிய வருத்தம். ஒருமுறை துணிமூட்டையோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நின்றுவிட்டுத் தானே திரும்பி வந்தாள். நான் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

ஈஸ்டருக்கு நாங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்போம். சொர்ணாம்பாள் அம்மாள் கல்லறைக்கு அம்புஜம்தான் அடிப்பாள், வேறு யாரையும் விடமாட்டாள். பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும்.

இப்படியே போயிருக்கும். போன வாரம் சொர்ணாம்பாளின் கணவர் தங்கதுரை வாத்தியார் காலமானார். மனைவியின் குழியிலேயே தன்னை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதுவும் எங்களில் வழக்கம்தான். வேறு இடம் பார்க்கலாம் என்று நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. எனக்கு முட்டிவலி என்று காத்தவராயனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் கிணறு வெட்டுகிறவன், ஆழம் போனால்தான் அவனுக்குத் திருப்தி. அம்மாளின் எலும்புகளை எடுத்து ஒரு துணியில் வைத்துவிட்டு, இன்னும் கீழே தோண்டினான். தோண்டியவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே மேலே ஏறி வந்தான்.

“உள்ள சாமி உக்காந்துருக்குது.”

சித்தர்களை உட்காரவைத்துத்தான் புதைப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இது கோயில் வருவதற்கு முன்னால் அடங்கிய சித்தர் என்று ஐயரே சொல்லிவிட்டார். பிறகு கேட்க வேண்டுமா? வாத்தியாருக்கு வேறு இடத்தில் குழி வெட்டினார்கள். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே ஜனங்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். பூமாலை, தேங்காய், கற்பூரம், விபூதி. நேற்று ஒரு பெண் பிள்ளைவரம் கேட்டு அழுதாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது ஞானஸ்நானம் பெற்ற உடம்பு, ஐயா. அதற்குக் கற்பூரம் காட்டக் கூடாது. அதைத் தடுக்கத்தான் நானாக நடந்து ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அறுபத்து மூன்றில், அந்த அடைமழை நாளில், நானும் ராஜாங்கமும் அம்மாளின் குழியை ஆள் உயரத்துக்கு மேலேயே வெட்டியிருந்தோம். நான் ஏறி வந்துவிட்டேன். ராஜாங்கம் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைச் சமமாக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சொன்னான்.

“அடக்கம் முடிஞ்சதும் நானும் அம்புஜமும் பம்பாய்க்குப் போறம்ப்பா. பெட்டி கட்டியாச்சு. அவளே உங்ககிட்ட சொல்லலான்னு இருந்தா. நீங்களும் வாங்களேன்.”

“மணி யார்ரா அடிக்கிறது?”

அவன் சிரித்தான். அப்போதுதான் கரை சரிந்தது. நான் தள்ளவில்லை, இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த வாக்கிலேயே தோள் வரைக்கும் மண் மூடிவிட்டது. கை இரண்டும் உள்ளே மாட்டிக்கொண்டன. “மண்ணத் தள்ளிவுடுங்கப்பா, மூச்சு முட்டுது” என்றான். மண்வெட்டி என் கையில் இருந்தது.

கொஞ்சம் யோசித்தேன். எடுத்துவிட்டால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். “போகாம இருப்பியாடா?” என்று கேட்டேன். “மொதல்ல எடுத்துவுடுங்கப்பா, அப்பறம் பேசிக்கலாம்” என்றான். பெட்டி கட்டியான பிறகு பேச என்ன இருக்கிறது?

மீதி மண்ணை நான்தான் போட்டேன். அவசரப்படவில்லை, மெதுவாகத்தான் போட்டேன். அவன் என்னை அப்பா என்றுதான் கடைசிவரை கூப்பிட்டான். மரியாதையான பிள்ளை.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்புஜத்திடம் இதைச் சொல்ல வேண்டாம். வெளியே வேப்பமரத்தடியில் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கழுத்தைப் பாருங்கள், தாலி இருக்கிறது. இத்தனை வருடமாக ஒருவர் அவளை விதவை என்று சொல்ல நான் விட்டதில்லை. அந்தப் பாவத்தை நீங்கள் செய்துவிடாதீர்கள், ஐயா.