முட்டிக்கு ஒரு தலையணை

உட்காருங்க டாக்டரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். தைச்சுக்கிட்டே பேசறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. தலையணை தைக்கிறவனுக்குக் கை சும்மா இருந்தா பேச்சு வராது.

என் மகளுக்கு முட்டியில ஆபரேஷன் ஆனதும் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க நீங்கதான் வீட்டுக்கு வந்தீங்க. குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, முட்டியைக் கீழே அழுத்தச் சொன்னீங்க. அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்தினா. போறப்ப என்னைத் தனியா கூப்பிட்டு, "வலிக்குதேன்னு முட்டிக்கு அடியில தலையணை மட்டும் வெச்சிடாதீங்கப்பா. சுகமாத்தான் இருக்கும். ஆனா கால் மடங்கினபடியே இறுகிடும்"னீங்க. ஒரு தடவை சொன்னா புரிஞ்சுக்கிற ஆளு நான்.

கால் சரியானதும் அவ வேலைக்கு வேற ஊருக்குக் கிளம்பறதா இருந்தது. தாயில்லாப் பிள்ளை. தலை வாரி விட்டதுலேருந்து எல்லாம் நான்தான். "நீ போயிட்டா நான் யாருக்குடி சமைக்கிறது?"ன்னு கேட்டேன். "உங்களுக்கே சமைச்சுக்கோங்கப்பா"ன்னு சிரிச்சா. விளையாட்டாத்தான் சொன்னா. எனக்கு அது விளையாட்டா படல.

அன்னிக்கே நல்ல பஞ்சா பாத்து அடைச்சு, அவ முட்டிக்குன்னே ஒண்ணு தைச்சேன். அவ்வளவு பாங்கா நான் தைச்சதே இல்ல.

"டாக்டரம்மா அன்னிக்குக் குதிகாலுக்கு அடியிலதானே வெக்கச் சொன்னாங்கப்பா?"ன்னா.

"இப்ப மாத்திச் சொல்லிட்டாங்கம்மா. பயிற்சியும் வேண்டாமாம்"னேன்.

அப்பா சொன்னா மறுபேச்சு பேசமாட்டா. முட்டியை அதுமேல வெச்சு, "அப்பாடா"ன்னு கண்ணை மூடினா. உங்களுக்குப் போன் பண்ணி, அவ அத்தை வீட்டுல இருக்கா, அங்கேயே வேற ஆள் பாத்துக்கறாங்கன்னு சொல்லிட்டேன்.

இன்னிக்கு நீங்களா தேடி வந்து பாத்துட்டீங்க. கால் நீள மாட்டேங்குது. வேலையும் கை நழுவிப் போச்சு. ஆமா, தெரிஞ்சேதான் செஞ்சேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு? ஆனா என் பிள்ளையை ஒரு நாளாவது வலியில துடிக்க விட்டேனான்னு அவளையே கேட்டுப் பாருங்க.

கொஞ்சம் மெதுவா பேசுங்க, தூங்கறா. ஒரே காலை ஊன்றி நடந்து நடந்து, இப்ப நல்ல காலும் வலிக்குதாம், பாவம். நீங்க வந்ததுலேருந்து தைச்சுக்கிட்டிருக்கேனே, இது அந்தக் காலுக்கு.